மாமன் மடி

3 பிப்ரவரி 1946

இந்த வாரமும் ரேஷனில் சர்க்கரை வரவில்லை. சகினா பனங்கற்கண்டு போட்டு டீ கொடுத்தாள். குடிக்க முடிந்தது.

யூனுஸுக்கு இன்று மூன்று மாதம். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறான். என்னைப் பார்ப்பதில்லை.

வாசகசாலையில் அடுத்த ஞாயிறு படிக்க வேண்டிய கட்டுரை பாதியில் நிற்கிறது. ‘சுன்னத்தும் நகர சுகாதாரமும்.’ தலைப்பு கொஞ்சம் கனம். இருக்கட்டும். நான் சொல்ல வருவது எளிது: ஏழு வயதுவரை காத்திருந்து, ஊர்கூட்டி, ஒஸ்தா என்கிற நாவிதர் கையில் பிள்ளையைக் கொடுக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே, டாக்டர் கையால், கொதிக்க வைத்த கருவிகளால் செய்யலாம். மார்க்கமும் நிறைவேறும், கிருமியும் அண்டாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

6 பிப்ரவரி

சகினாவின் அண்ணன் ஹனீஃபா சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்தான். பைண்டிங் பசை காய்ந்த விரல்களோடு பிள்ளையைத் தூக்கினான்.

“இன்னா மச்சான், ஆஸ்பத்திரியில செய்யப் போறியாமே?”

“ஆமா. என் சிநேகிதன் டாக்டர் ஞானதாஸ் செய்வான்.”

“மூணு மாசக் கொழந்தைக்கா? ஏழு வயசாவட்டும்பா. குதிர மேல ஒக்கார வெச்சு, பேண்டு வெச்சு, ஷரீஃப் ஒஸ்தாவ இட்டாந்து ஜோரா செய்வோம்.”

“உங்க ஒஸ்தா கத்திய எதுல கழுவறார், பாத்திருக்கியா?”

“உனக்கு அவரு அத்தாதான செஞ்சாரு? நீ இன்னா செத்தா பூட்ட? காலேஜுல பாடம் எடுத்துக்கினு கீறே.”

உள்ளே சகினா சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் சுன்னத் செய்வார்கள். அது ஹனீஃபாவின் உரிமை. அந்த மடிக்காகத்தான் அவன் வாதாடுகிறான் என்று தெரிகிறது. நர்சிங் ஹோமில் மடி கிடையாது, மேஜைதான்.

8 பிப்ரவரி

சகினாவின் அம்மா வந்திருந்தார். ஹனீஃபா அனுப்பியிருப்பான். கிளம்பும்போது சொன்னார்: “எப்ப வேணா செய்ங்க மாப்பிள்ள. ஆனா ஷரீஃபு கையால செய்ங்க. அவன் ஒருவாட்டி பாத்துடட்டும்.”

“ஏன் மாமி?”

“ஒண்ணுமில்ல. வழக்கம்.”

வழக்கம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. இதற்கு எதிராகத்தானே கட்டுரையே எழுதுகிறேன்?

10 பிப்ரவரி

கட்டுரை படித்தேன். பதினோரு பேர். முடித்ததும் சண்முகசுந்தரம் எழுந்தான். என்னோடு படித்தவன், தியாகராய நகரில் வக்கீல், கடவுள் இல்லை என்பதைக் கடவுளே வந்து சொன்னதுபோல் சொல்வான்.

“கத்திய கழுவறதப் பத்தி முப்பது பக்கம் எழுதியிருக்கே. கத்தி எதுக்குன்னு ஒரு வரி இல்லையேப்பா.”

“சுத்தம். நோய்த் தடுப்பு. நாலாவது பக்கம்.”

“அப்ப எனக்கும் செய்யணுமா? நான் சோப்பு போட்டுக் குளிக்கிறேன்.”

கூட்டம் சிரித்தது. ஞானதாஸ் காப்பாற்ற வந்தான். “எங்க ஆண்டவருக்கே எட்டாம் நாள் ஆச்சு. ஜனவரி ஒண்ணாந்தேதி சாந்தோம்ல அதுக்குப் பூசை இருக்கு. நாங்க பூசைய மட்டும் வெச்சிக்கிட்டோம்.”

சண்முகசுந்தரம் விடவில்லை. “பதினெட்டு வயசாகட்டும். அவனையே கேளு.”

“இப்ப செஞ்சா அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது.”

“ஞாபகம் இருக்காதுன்னா எது வேணா செய்யலாமா?”

“என் பிள்ளை என்னை மாதிரி இருக்கணும்” என்றேன். முப்பது பக்கத்தில் அந்த வரி இல்லை. என்னிடம் இருந்த உண்மையான காரணம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

14 பிப்ரவரி

முடிந்தது. அடையாறில் ஞானதாஸ் வேலை பார்க்கும் சிறிய நர்சிங் ஹோம். ஏழு நிமிடம். அழுதான், பால் குடித்தான், தூங்கிவிட்டான். சகினாவின் கை என் கையைவிட்டு இப்போதுதான் இறங்கியது.

ஹனீஃபாவிடம் நாள் சொல்லவில்லை. வந்து நின்றால் தகராறு.

15 பிப்ரவரி

துணி ரத்தத்தில் நனைகிறது. கொஞ்சம்தான். ஞானதாஸ் வந்து கட்டை மாற்றினான். “சில கொழந்தைக்கு அப்படித்தான்டா.”

16 பிப்ரவரி

நிற்கவில்லை.

மீண்டும் அடையாறு. தையல் போட்டான். தையல் போட்ட துளைகளிலிருந்தும் கசிகிறது. ஞானதாஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கேட்டான்: “சகினா வீட்டுல யாருக்காவது ரத்தம் நிக்காம போனதுண்டா?”

“இல்ல. ஹனீஃபாவப் பாரு, பைண்டிங் வேலையில விரலை எத்தனை தடவை வெட்டிக்கிறான், தானா நின்னுடுது.”

உடனே சொன்னேன். யாரையும் கேட்கவில்லை.

17 பிப்ரவரி

என் ரத்தம் சேரவில்லை. ஆள் அனுப்பி ஹனீஃபாவை வரவழைத்தோம். அவனுடையது சேர்ந்தது. ஊசியோடு படுத்திருந்தவன், ஏன் நாள் சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. “எவ்ளோ வேணுமோ எட்த்துக்கோ சார்” என்று ஞானதாஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ரத்தம் நின்றது. யூனுஸ் சகினாவின் விரலைப் பிடித்தான். நிறம் வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். வந்தது. நானும் பார்த்தேன்.

18 பிப்ரவரி

காலை ஒன்பதே கால்.

20 பிப்ரவரி

எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் —

குளிப்பாட்டும்போது யார் பிடித்துக்கொள்வது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டார். ஹனீஃபா பாயில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான். கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டான். லோட்டாவிலிருந்து தண்ணீர் விழுந்தது. அவன் வேட்டி முழுக்க நனைந்தது.

அடக்கம் செய்ய மையவாடிக்கு நான் தூக்கிப் போனேன். கனமே இல்லை.

2 மார்ச்

தபாலில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் கடிதம். நான் அனுப்பியிருந்த கட்டுரை மிகவும் பயனுள்ளதாம். அடுத்த இதழில் வருமாம். என் புகைப்படம் ஒன்று அனுப்ப வேண்டுமாம்.

வேண்டாம் என்று கார்டு போட்டேன். காரணம் எழுதவில்லை.

9 மார்ச்

சகினாவுக்குப் பால் இன்னும் கட்டுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சிக் கொட்டுகிறாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நான் எதற்கு உதவும் ஆள்?

21 மார்ச்

ஷரீஃப் ஒஸ்தாவைத் தேடிப் போனேன். என் கட்டுரையில் ‘துருவேறிய கத்தி’ என்று யாரைச் சொன்னேனோ, அவரை. ஏன் போனேன்? திட்டட்டும் என்றுதானோ.

அவர் திட்டவில்லை. முக்காலியை நகர்த்திப் போட்டார். கத்திகள் சுத்தமாக இருந்தன.

“ஹனீஃபாவுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். ஜமாலு. தெரியுமா?”

“காய்ச்சல்ல போனதா சொல்வாங்க.”

“காய்ச்சல் இல்ல தம்பி. சுன்னத்து. எங்க அத்தா கையாலதான். ஆறு நாளு ரத்தம் நிக்கவே இல்ல. காய்ச்சல்னு சொல்லி மூடிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க அத்தா ஒரு வழக்கம் வெச்சாரு. தாய்மாமன் மடியில புள்ளைய ஒக்கார வெச்சு, மொதல்ல மாமன கேக்கணும்: உனக்கு எப்டி நின்னுச்சு, உன்கூடப் பொறந்தவனுக்கு எப்டி நின்னுச்சு? பதில் சரியில்லன்னா கத்திய மடக்கிடணும். நானும் அப்டித்தான். இதுவரைக்கும் ரெண்டு வூட்ல மடக்கியிருக்கேன்.”

“யூனுஸைக் கொண்டுவந்திருந்தா?”

“தொட்டிருக்க மாட்டேன் தம்பி. உங்க மாமியார நான் கேக்கவே வேணாமே.”

தாய் வழியாக மகனுக்கு வரும், ரத்தம் உறையாத நோய். மூன்று வருடமாக நான் வகுப்பில் நடத்தும் பாடம் அது. ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்சப் படத்தைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவேன். எந்த ராணியின் எந்த மகன் என்று தெரியும். என் மனைவியின் மூத்த அண்ணன் எதனால் செத்தான் என்று தெரியாது.

22 மார்ச்

வீட்டுக்கு வந்த மாமியிடம் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல மாமி? ஒரே வார்த்தை!”

“எப்டி சொல்றது? அந்தக் குடும்பத்து ரத்தம் சரியில்லன்னு தெரிஞ்சா எம்பொண்ண யாரு கட்டுவாங்க? நீங்க கட்டியிருப்பீங்களா?”

கட்டியிருப்பேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

“ஷரீஃபு பாத்தா வேணாம்னு சொல்லிடுவான். நானும் சொன்ன மாதிரி இருக்காதுன்னு நெனச்சேன்.” முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் சகினா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். ஜமால் எதனால் செத்தான் என்று அவளுக்கே இன்றுதான் தெரியும்.

24 மார்ச்

“எங்கிட்ட இருந்தா வந்துச்சு?” என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். படித்தவர்கள் அப்படித்தானே நினைக்கிறோம். ஒரு காகிதம் எடுத்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மாமி, ஜமால், சகினா, யூனுஸ். கோடுகள் போட்டேன். எந்தப் பெண்ணின் தவறும் இல்லை, அவளுக்கு எதுவும் செய்யாது, அவள் வழியாகப் பிள்ளைக்குப் போகும், அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

“இந்த வட்டம் நானா?”

“ஆமா.”

வெகுநேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

25 மார்ச்

சிந்தாதிரிப்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

30 மார்ச்

நாற்பதாம் நாள். சிந்தாதிரிப்பேட்டையில் ஃபாத்திஹா ஓதினார்கள். சகினா உள்ளறையை விட்டு வரவில்லை.

11 ஏப்ரல்

ஞானதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னோடு கடற்கரை வரை நடந்தான். “நான் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்டா. நீதான் கூட்டிட்டு வந்தே, உனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்.”

அவனுக்கு நான் டாக்டர் மாதிரி. எனக்கு அவன் டாக்டர். ஒருவரை நம்பி ஒருவர் கேட்காமல் இருந்துவிட்டோம்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் யார் மன்னிக்க?

16 ஜூன்

சண்முகசுந்தரம் வந்தான். நான்கு மாதமாக வராதவன். ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொல்லவில்லை. இன்னும் மோசமாக ஒன்று சொன்னான்.

“நீ எழுதுப்பா. இந்தச் சடங்கே வேணாம்னு எழுது. நீ எழுதினா எடுபடும். உன்கிட்ட சான்று இருக்கு.”

“அவன் பேரு யூனுஸ்.”

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. நல்லவன்தான். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். பாதித் தெரு போய்த் திரும்பி வந்தான்.

யோசித்துப் பார்க்கிறேன். அவன் சொன்னபடி கேட்டிருந்தால் யூனுஸ் இருப்பான். ஹனீஃபா சொன்னபடி கேட்டிருந்தாலும் இருப்பான். என் வழி ஒன்றில்தான் —

4 ஆகஸ்ட்

போய் அழைத்தேன். வந்துவிட்டாள். ஜட்காவில் ஏறினோம். மவுண்ட் ரோடு தாண்டும்போது முழங்கையை என் மேல் சாய்த்தாள். தெரிந்து சாய்த்தாளா, வண்டி குலுங்கியதா, தெரியவில்லை.

13 அக்டோபர்

உண்டாகியிருக்கிறாள். பயம். வேறு சொல் இல்லை.

“பொண்ணா பொறக்கணும்னு துவா கேளுங்க” என்றாள். தொழுது எத்தனை வருடம் ஆயிற்று எனக்கு.

18 அக்டோபர்

கச்சேரி ரோடு பள்ளிவாசல். ஹனீஃபா கூட வந்தான். பையன் பிறந்தால் சுன்னத் இல்லை என்று சொல்லி, ஜமாத்தோடு மல்லுக்கு நிற்கத் தயாராகப் போயிருந்தேன். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

“உசுருக்கு ஆபத்துன்னா செய்ய வேணாம்பா. யாரு செய்யச் சொன்னது? உசுரு போற கடமைய அல்லா கேக்க மாட்டான்.”

அவ்வளவுதான். வெளியே வந்து, “இதுக்கா மச்சான் ரெண்டு நாளா சோறு துன்னாம கீறே?” என்றான் ஹனீஃபா. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் கை வைத்துக்கொண்டு அவனும் நின்றான்.

9 மே 1947

விடிந்ததும் ஹனீஃபா ஓடி வந்தான். பெண்.

நான் போனபோது சிந்தாதிரிப்பேட்டை வீடு முழுக்கச் சிரிப்பு. பெண் பிறந்ததற்கு இவ்வளவு கொண்டாட்டத்தை அந்தத் தெரு பார்த்திருக்காது. ஹனீஃபா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். சகினா படுத்திருந்தாள். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்துப் பார்க்கிறேன்.

பிள்ளை கைகளை மூடிக்கொண்டு தூங்கியது. முகம் சகினாவின் முகம்.

நான் எழுதாவிட்டால் இது எங்குமே இருக்காது, அதனால் எழுதுகிறேன்: இவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாயிடமிருந்து இவள் அதை வாங்கி வந்திருக்கலாம். இரண்டில் ஒரு பங்கு. இருபது வருடம் கழித்து இவளுக்கு ஒரு மகன் பிறந்தால்தான் தெரியும். நான் அன்று போட்ட படம் யூனுஸோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே கோடு இழுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சகினாவுக்கும் தோன்றவில்லை.

“இவளுக்கு எதுவும் வராதில்ல?” என்றாள்.

“வராது.”

“சத்தியமா?”

“சத்தியமா. இவளுக்கு வராது.”

கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்குக் கீழே கண்ணீர். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மாமி வாசற்படியில் நின்றிருந்தார், கையில் வெந்நீர்ச் சொம்போடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.