கட்டைவிரலை நீட்டியவளுக்கு

இன்று காலையில் உன் அண்ணன் மகன் வந்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறதாம், பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டுமாம், படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று ஒரு போட்டோவை நீட்டினான். வாங்கிப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரெட்டைப் பின்னல், சின்ன மூக்கு, சின்ன மோவாய். காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய எமர்ஜென்சி காலத்தில் ஆளுக்கொரு ஐசி, அடையாள அட்டை, கொடுத்தார்களே, அதற்காக இருபது வயதில் நீ எடுத்துக்கொண்ட படம்.

"இதுதான் கெடச்சுதா உனக்கு?" என்றேன்.

"அப்பா எடுத்துக் குடுத்தாரு ஆன்ட்டி. அத்தை நல்லா இருந்தப்ப எடுத்ததுன்னு சொன்னாரு."

நல்லா இருந்தப்பவாம். கேட்டாயாடி? இத்தனை வருஷம் கழித்தும் உன் அண்ணன் அந்தப் படத்தை விடவில்லை.

அந்தப் படத்து விஷயத்தில் என் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாக்கா காஜா பெராங்கில் உன் அண்ணன் வீட்டு முன்னறையில் நீயும் நானும் இரண்டு தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள். முதலில் உன் மோதிரம் இறுகியது, பத்தர் அறுத்துத்தான் எடுத்தார். அப்புறம் சப்பாத்து காலில் ஏறவில்லை. அப்புறம் ஒருநாள் கத்திரிக்கோலின் வளையத்துக்குள் உன் கட்டைவிரல் நுழையவில்லை. நீ சிரித்துக்கொண்டே பாசாருக்குப் போய், ஆண் தையல்காரர்கள் கோட்டுத் துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலை வாங்கி வந்தாய். உன் மோவாய் நீண்டது, மூக்கு பெருத்தது, குரல் தடித்தது. தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாய். கெட்ட காத்து என்று தாயத்துக் கட்டினார்கள். வாடிக்கைக்காரர்கள் வரும்போது உள்ளே போய் இரு என்று உன் அண்ணன் சொன்னார். நீ மிஷினை இழுத்து ஜன்னலோரமாகவே போட்டாய்.

அப்போதுதான் சிரம்பானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டார்கள். உன் அண்ணன் பழைய படத்தை எடுத்தார். "நேர்ல பாத்துப் பேசிப் பழகினா சரியாயிடும்" என்றேன் நான். சொன்னேன், மறைக்கவில்லை. அவர்கள் வந்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். உன் அண்ணன் தலை குனிந்து நின்றார். நீ வாசல் வரை போய் அந்தப் பையனின் அம்மாவிடம் சொன்னாய்:

"போட்டோதானே புடிச்சிருந்துச்சு? அதையே கட்டிக்கச் சொல்லுங்க."

அன்று உள்ளே வந்து அழுதாய். என்னோடு நான்கு நாள் பேசவில்லை. அந்த நான்கு நாளும் எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த மாதம் தெருவில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் உன்னைத் தள்ளிவிட்டது. காயத்துக்குக் கட்டுப் போடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் காயத்தை விட்டுவிட்டு உன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய படம் ஏதாவது இருக்கா என்று கேட்டார். நீ ஐசியை எடுத்து வைத்தாய். உன் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்த படம் பிள்ளை?"

"எட்டு வருஷம் ஆச்சு டாக்டர்."

காற்றுமில்லை, கருப்புமில்லை என்றார். மூளைக்கு அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒரு கட்டி முளைத்து, உடம்பை வளர்க்கிற சுரப்பை நிறுத்தாமல் ஊற்றுகிறதாம். கட்டி பெருத்துக் கண்ணுக்குப் போகிற நரம்பை அழுத்துவதால்தான் ஊசிக்கண் தெரிகிறது, பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. விட்டால் இரண்டு கண்ணும் போய்விடும். சிங்கப்பூரில் எக்ஸ்ரே கதிர் வைத்துக் கட்டியைச் சுருக்கப் பார்க்கலாம்.

"முகம் பழையபடி வராது பிள்ளை. கண்ணைக் காப்பாத்த ஏலும் எண்டுதான் நினைக்கிறன். அதுக்கும் சத்தியம் பண்ண மாட்டன்."

வீட்டில் உன் அண்ணன் கேட்ட ஒரே கேள்வி: "மொகம் திரும்பி வராதுன்னா எதுக்கு சிங்கப்பூரு? வீணா சூசா, வெட்டி அலைச்சல்."

"மொகத்துக்காக யாருண்ணே போறா? கண்ணு போனா நான் எப்படித் தைப்பேன்?"

அவர் வரவில்லை. நான் வந்தேன். சிங்கப்பூர் ரயிலைப் பிடிக்கத் தம்பின் ஊர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. ஒருவர் உன் ஐசியை வாங்கினார், உன்னைப் பார்த்தார், மறுபடி ஐசியைப் பார்த்தார். "இனி ஒராங் லாயின்" என்றார். இது வேறு ஆள். அடுத்தவர் ஐசியை வைத்திருந்தால் அந்தக் காலத்தில் விளையாட்டா? பெட்டியோடு நம்மை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் நிற்காவிட்டால் உன் முறை போய்விடும். அடுத்தது எப்போது வரும் என்று டாக்டருக்கே தெரியாது.

சாவடிக்குள் மேசைக்குப் பின்னால் போலீஸ் சார்ஜன் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கடிதத்தை நீட்டினேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். புது ஐசி எடுக்கச் சொல்லி ஒரு வருஷமாக உன்னிடம் சொல்லியிருந்தேன். இந்த முகத்தோடு போட்டோ எடுத்தால் அது காலத்துக்கும் நிற்கும் என்று தடுத்தது உன் அண்ணன். நான் அழத் தொடங்கினேன். நீ அழவில்லை. அவர் மேசையிலிருந்த மைப்பெட்டியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"தெங்கோக் ஜாரி சாயா" என்றாய். என் விரலைப் பார்.

கேட்காமலே கட்டைவிரலை மையில் தோய்த்து, அவர் முன்னால் கிடந்த தாளில் அழுத்தினாய். ஐசியிலும் உன் கட்டைவிரல் ரேகை இருந்தது. சார்ஜன் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. நடுவில் சுழி அதே சுழி. ஓரத்தில் ஊசி குத்திய பழைய தழும்பு அதே தழும்பு. அவர் ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பிறகு எழுந்து, சாலையில் வந்த அரிசி லாரியைக் கை காட்டி நிறுத்தி நம்மை ஏற்றிவிட்டார். ரயிலைப் பிடித்தோம்.

சிங்கப்பூரில் ஆறு வாரம். இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஊதா மையால் பெருக்கல் குறி போட்டு, கழுவக் கூடாது என்றார்கள். அந்தக் குறியோடு நீ மார்க்கெட்டுக்குப் போனாய், கோயிலுக்குப் போனாய், பஸ் போகாத தெருவெல்லாம் என்னை நடத்தியே கொன்றாய். முடி பொட்டோரத்தில் உதிர்ந்தது. வாந்தி எடுத்தாய். பயமாக இருக்குடி என்று ஒரே ஒருமுறை சொன்னாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கண் தப்பியது. விட்டுப்போன ஓரம் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் இருந்தது போகவில்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் புது ஐசிக்குப் போட்டோ எடுக்கப் போனாய். போட்டோக்கடை முதலாளி பாவப்பட்டு, தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுக் கொஞ்சம் குனியச் சொன்னார். "நேரா எடுங்க தவுக்கே, என்னைத் தெரியணும்" என்றாய். மெர்டேக்கா நாளில், சுதந்திரம் வந்த அன்று, திடலுக்குப் போனபோது அந்தப் புது ஐசியை ரவிக்கைக்குள் வைத்திருந்தாய். யாராவது கேட்க மாட்டார்களா என்று உனக்கு ஆசை. யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனை கல்யாண ரவிக்கைகள், எத்தனை பள்ளிக்கூடச் சட்டைகள். பெரிய டாக்டர் மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்த என் பேத்தியை மிரட்டுவாய். கடைசியில் இதயம் பெருத்துத்தான் போனாய். அதுவரை முகத்தைப் பார்த்து யாரும் உன்னை உள்ளே அனுப்ப முடியவில்லை.

உன் அண்ணன் மகனிடம் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பீரோவில் இருந்த மற்ற படத்தை, புது ஐசிக்கு எடுத்ததை, கொடுத்தேன். நீண்ட மோவாய், பெரிய மூக்கு, முடி உதிர்ந்த நெற்றிப்பொட்டு, நேரான பார்வை.

"இதுல அத்தை அவ்வளவு நல்லா இல்லையே ஆன்ட்டி. அப்பா ஏசுவாரு."

"உன்னைத் தூக்கி வளர்த்தது எந்த மொகம்? போய்ச் சொல்லு, இதைப் போடலேன்னா நான் வரி எழுத மாட்டேன்னு."

அவன் படத்தைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனான்.

உன் கத்திரிக்கோல் என் மேசைமேல்தான் இருக்கிறது. அதன் வளையத்தில் என் விரல் ஆடுகிறது, வெட்டு கோணலாகப் போகிறது, இருந்தாலும் வேறு எதையும் தொடுவதில்லை. பேப்பரில் படம் வந்ததும் நாலு பேர் கேட்பார்கள், இது யார், அந்தப் பெண் இப்படியா இருந்தாள் என்று. கேட்கட்டும். விரலை நீட்டிக் காட்ட நீ இல்லை. நான் இருக்கிறேன்.