ஹெல்மி சொன்ன பெயர்

ஹாலிவுட்
மார்ச் 9, 1952

அன்புள்ள ஐலி அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டிவலி தேவலையா? இங்கே என் பாடு சொல்லும்படி இல்லை. முப்பத்தாறு வயதாகிவிட்டதல்லவா, கதாநாயகியின் அக்கா வேஷத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள். போன படத்தில் மொத்தம் நான்கே காட்சிகள்.

இதற்கிடையில் வாஷிங்டன் விசாரணைக் குழுவிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. கம்யூனிஸ்டுகளோடு என்ன பழக்கம் என்று கேட்கப்போகிறார்களாம். நம் ஊர் பின்லாந்துக்காரர் மன்றம் கம்யூனிஸ்டுகளின் கூடாரமாம்; அங்கே நான் நாடகம் போட்டது இப்போது குற்றமாகிவிட்டது. "சும்மா ஒப்புக்குத்தாம்மா, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்கிறார் வக்கீல். நீ கவலைப்படாதே.

உன் ஹெல்மி

மினசோட்டா
ஏப்ரல் 21, 1952

ஹெல்மி,

செய்தித்தாளில் உன் படம் நன்றாக வந்திருக்கிறது. வலை வைத்த தொப்பி உனக்குப் பொருந்துகிறது. அதற்குக் கீழே என் பெயர். மன்றத்துக்கு யார் அழைத்துப் போனது என்று கேட்டதற்கு, "என் சகோதரி ஐலி நிஸ்கானென்" என்று தெளிவாகச் சொன்னாயாம்.

அன்று மத்தியானமே தலைமையாசிரியர் என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் முன்னாலேயே, "மிஸ், உங்க பொருளையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். பதினேழு வருஷ வேலை.

பதினாறு வயதில் அந்த மேடையில் நீ வசனம் மறந்து நின்றபோது, திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். அதையும் அவர்களிடம் சொன்னாயா?

ஐலி

ஹாலிவுட்
மே 3, 1952

அக்கா,

உன் பெயர் அவர்களுக்கு முன்பே தெரியும். பட்டியலை என் கண் முன்னாலேயே வைத்திருந்தார்கள். "உங்க வாயால சொன்னாத்தான் இனிமே படம்" என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதினைந்து வருஷமாகப் பல்லை மாற்றி, பேச்சை மாற்றி, எலெய்ன் நோரிஸ் என்று பெயரையும் மாற்றிப் பிடித்த இடம் இது. வேறு தொழில் எனக்குத் தெரியாது.

அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. திட்டியாவது ஒரு வரி எழுது.

ஹெல்மி

மினசோட்டா
நவம்பர் 14, 1952

மிஸ் எலெய்ன் நோரிஸ் அவர்களுக்கு,

ஆறு மாதம் அலைந்ததில், எனக்கு வேலை கொடுத்தவர் சினிமாக் கொட்டகைக்காரர் ஒருவர்தான். வாசலில் டிக்கெட் கொடுக்கிறேன். பழைய மாணவர்கள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு சில்லறை நீட்டுகிறார்கள்.

உங்கள் புதுப்படம் வெள்ளிக்கிழமை வருகிறது. "உங்க தங்கச்சிதானே, ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க, வாசல்ல மாட்டுவோம்" என்றார் முதலாளி. முடியாது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப, தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது.

கையெழுத்து மட்டும் போதும். கடிதம் வைக்க வேண்டாம்.

ஐலி நிஸ்கானென்