குருசடியில் வைத்த ஸ்கேன் படம்

பொழியூர்
18.9.1998

மாதாவின் காவலில் இருக்கும் மகன் எலியாவுக்கு அம்மை எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் உண்டு.

செவ்வாய்க்கிழமை அப்பாவை ஆறு மாத ஸ்கேனுக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோனோம், நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி எவ்வளவு கரைந்தது என்று பார்க்கிறதாக்கும், கையில் மருந்து ஏற்றி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிற புது மிஷின். டாக்டர் பார்த்துவிட்டு, வலது பக்கம் ஓரிடத்தில் அடைப்பு தெரிகிறது, பழைய கட்டியின் மிச்சமா புதிதாய் வந்ததா என்று ஒத்துப் பார்க்கணும், மார்ச்சில் எடுத்த படத்தைக் கொடுங்கள் என்றார். நான் என்ன சொல்ல? அப்பா பிழைத்தால் நோயின் படத்தைக் கடற்கரைக் குருசடியில் மாதாவின் காலடியில் வைப்பதாக நேர்ச்சை போட்டவன் நீ. சீக்கிரம் வையுங்கள், நேர்ச்சை முடிந்தால் சீக்கும் முடிந்தது என்று போனில் மூன்று தடவை சொன்னவனும் நீ. வைத்தோம், ரிப்போர்ட்டும் அதே கவரில்தான் இருந்தது. ஆடியில் கடல் கேறி வந்து குருசடிப் படியோடு எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடிவிட்டு, மாதா ஸ்கேன் கேட்டாங்களா அம்மா என்று கேட்டார்.

இனி அது புதுக்கட்டி என்றே வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையைத் தொடரணுமாம், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், அதுவரை கடலில் இறங்கவே கூடாது, அந்த மாத்திரை தின்கிறவருக்குத் தூண்டில் கிழித்தால் ரத்தம் லேசில் நிற்காதாம். அப்பா கேட்கிறாரா? நேர்ச்சை முடிஞ்சாச்சு, சீக்கும் முடிஞ்சாச்சு, எலியா சொன்னாம்லா என்று நேற்று வள்ளத்தில் ஏறிவிட்டார். உன் தங்கை ஸ்டெஃபி இடுப்பைப் பிடித்து இழுத்து இறக்கினாள். மணலில் பத்து அடி நடந்தால் மூச்சு முட்டுகிற மனுசன்.

இந்தக் கடிதம் எப்போது கிடைக்குமோ, ஞாயிறுதோறும் பூசை முடிந்து பத்து மணிக்கு மோகனன் போன் பூத்தில் அவரோடு நிற்பேன், கிடைத்ததும் வருகிற ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. நாங்கள் சொல்லி ஏறாதது நீ சொன்னால் ஏறும். சீக்கு முடியலை, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உன் வாயாலேயே சொல்லணும். வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

அந்தக் கவரில் பூ வைத்துக் குருசடிக்குக் கொண்டுபோனது நான்தான் மக்கா. என்னை ஏசுவதற்கு இங்கே ஆளில்லை, அதுதான் உன்னை ஏசுகிறேன்.

உன் அம்மை
மேரிக்குட்டி