மதுரையில் ஒரு வாடகை வீடு

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று பார்த்தது ஏழாவது வீடு. காளவாசலில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. முதல் மாடி, வெளிச்சமான சமையலறை, மகள் பாப்பாவைச் சேர்க்க நினைக்கிற பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். அயர்லாந்திலிருந்து திரும்பி வந்திருக்கிறோம் என்றதும் வீட்டுக்காரர் செல்வக்குமார் முகம் மலர்ந்து காபி வரவழைத்தார். அங்கே குளிர் எப்படி, நர்ஸ் வேலைக்கு எவ்வளவு மரியாதை என்றெல்லாம் ஆசையாகக் கேட்டார். பிறகு எல்லோரும் வந்து சேருகிற இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்தார்.

"பூர்வீகம் எது தம்பி?"

பேரையூர் பக்கம் என்றார் என் கணவர் மாறன். பேரையூரில் எங்கே என்றார் அவர். ஊர்ப் பெயரைச் சொன்னோம். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த நாலு பேரைச் சொல்லி, அவர்களைத் தெரியுமா என்றார். தெரியும் என்றோம். சொந்தமா என்றார். இல்லை என்றோம்.

"குலதெய்வம் எது உங்களுக்கு?"

மாறன் தொண்டையைச் செருமினார். செருமினால் மழுப்பப் போகிறார் என்று அர்த்தம். நான் முந்திக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். காபி பாதி டம்ளர் மிச்சம் இருந்தது. தம்பியிடம் ஒரு வார்த்தை கலந்துவிட்டு நாளைக்குப் போன் செய்வதாகச் சொல்லி எழுந்துகொண்டார். முந்தின ஆறு வீட்டிலும் ஒரு தம்பி இருந்தான், அல்லது ஒரு மாமனார்.

சாதியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகம் இல்லையாம்.

மார்ச் 4, செவ்வாய்

போன் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

திரும்பி வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். அதை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும், பின்னால் மாறன் மேல் பழி போடத் தோன்றும்.

எட்டு வருடம் கார்க் நகரத்தில் இருந்தோம். இரண்டு வருடம் முன்னால் அப்பா போனபோது டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி லாக்கர் ரூமில் யூனிபார்மோடு உட்கார்ந்து, யாரோ பிடித்துக்கொண்டிருந்த செல்போனில் அப்பாவைத் தூக்கிப்போவதைப் பார்த்தேன். பாதியில் சார்ஜ் போய்விட்டது. அம்மாவுக்கும் அப்படி ஆகக் கூடாது. அவ்வளவுதான் என் காரணம்.

அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஊரில் தனியாக இருக்கிறாள். எனக்கு மதுரையில் வேலை கிடைத்துவிட்டது, ஏப்ரல் ஒன்று முதல். மாறன் ஆகஸ்ட் வரை பழைய கம்பெனிக்கே இங்கிருந்து வேலை பார்க்கலாம். கார்க் ஆஸ்பத்திரி வார்டு மேனேஜர் என் இடத்தையும் ஆகஸ்ட் வரை வைத்திருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று. வீடு ஒன்றுதான் பாக்கி. "வீடு பாரு, நானும் வாரேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். இதுவரை அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 15, சனி

புரோக்கர் அழகுராஜா நல்ல பையன். இன்று எங்களைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

"அக்கா, குலதெய்வம் கேட்டா அழகர்கோயில்னு சொல்லிருங்க. அது எல்லாருக்கும் பொதுவுல கெடக்கு. அதுக்கு மேல தோண்ட மாட்டாங்க."

மாறன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தமாக மனை வாங்கிக் கட்டிவிடலாமே என்றேன் பஸ்ஸில் வரும்போது. கட்ட இரண்டு வருடம் ஆகும், அதுவரை எங்கே இருப்பது என்றார். மனை விற்கிறவனும் இதையேதான் கேட்பான் என்றும் சொன்னார். அதுவும் சரிதான்.

மார்ச் 22, சனி

வீடு கிடைத்துவிட்டது. வில்லாபுரம், மாடி போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா கனகலட்சுமி தனியாக இருக்கிறார், மகன் சென்னையில். அக்கா என்று கூப்பிடச் சொன்னார்.

கேட்டார். அழகர்கோயில் என்று மாறன் சொன்னார், செருமாமல். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நான் தரையில் டைல்ஸ் எந்த நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பால் காய்ச்சி ஐந்து நாள் ஆகிறது. அக்கா தங்கமான மனுஷி. நான் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் பாப்பாவுக்கு அவர்தான் தலை சீவிப் பின்னி விடுகிறார். கிண்ணத்தில் ஏதாவது கொடுத்தனுப்புகிறார். நானும் அதில் ஏதாவது போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், அவரும் வெறும் பாத்திரமாகத் தந்ததே இல்லை. நேற்று என் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் பாதி ஏறி வந்து பக்குவம் கேட்டார்.

எட்டு வருடத்தில் பக்கத்து வீட்டில் யாரும் என்னிடம் குழம்புப் பக்குவம் கேட்டதில்லை. இதற்காகத்தானே வந்தேன் என்று இருந்தது. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் தொந்தரவு.

ஏப்ரல் 13, ஞாயிறு

அம்மாவை அழைத்து வரலாம் என்றேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றார் மாறன். ஏன் என்றேன். அவர் வாஷிங் மெஷினைத் திறந்து துணி எடுத்தார். பிறகு, "அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சுட்டுக் கூட்டிட்டு வா" என்றார்.

என்னன்னு சொல்லி வைக்க? அம்மா, நீ யாருன்னு சொல்லாதன்னா? அறுபத்தெட்டு வயசுப் பொம்பளைகிட்ட எந்த வாயால சொல்றது? யாருக்காகத் திரும்பி வந்தோமோ அவளையே கூட்டிவர முடியாத வீட்டைப் பிடிச்சு வச்சிருக்கோம். நல்லா இருக்கு.

இதை எல்லாம் அவரிடம் கத்தவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

ஏப்ரல் 14, திங்கள்

கார்க் வீட்டு ஹாலில் அம்பேத்கர் படம் மாட்டியிருந்தோம். அவர் பிறந்தநாளான இன்றைக்கு அதற்கு மாலை போட்டு, பாப்பாவுக்குக் கேக் வெட்டுவது வழக்கம். இங்கே படம் பெட்டிக்குள் கிடக்கிறது. சுவர் இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. அக்கா அடிக்கடி மேலே வருவார்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். "உங்க சாமிய நீங்க பார்க்காம இருக்கலாமா" என்று அக்கா விடியுமுன்னே எழுப்பி என்னையும் பாப்பாவையும் அழைத்துப் போனார். மாறன் தலைவலி என்று படுத்துக்கொண்டார், கெட்டிக்காரர். கூட்டத்தில் அக்கா என் கையை விடவே இல்லை. நான் கும்பிட்டு, உங்கள் பேரை வாடகைக்கு எடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று அழகரிடம் சொன்னேன். அவர் கோபித்த மாதிரி தெரியவில்லை.

மே 31, சனி

அம்மா வந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஊருக்குப் போய், காரில் ஏற்றி, வழியெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். திருமங்கலம் தாண்டியதும் முடிவு செய்தேன், சொல்லப்போவதில்லை. வருவது வரட்டும்.

அக்கா சாயந்திரம் முறுக்கோடு மேலே வந்தார். அம்மாவும் அவரும் முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள், மருமக்களைப் பற்றிப் பேசினார்கள். அழகர் இறங்கியதை நாங்கள் போய்ப் பார்த்தோம், உங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை, உங்கள் குலசாமி ஆயிற்றே என்றார் அக்கா.

"அழகர் எல்லாருக்கும் சாமித்தா. எங்க குலசாமி பேச்சி. காலனிக்குப் பின்னால ஓடைக்கரையில இருக்கா. கூரை போட விடமாட்டா. இவ அப்பா மூணு தடவ போட்டுப் பார்த்தாரு, மூணு தடவையும் காத்துல போச்சு."

பேச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்மாவுக்கு முகம் வேறாகிவிடும். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். காலனி என்ற ஒரு சொல் போதும், எங்கள் மாவட்டத்தில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. நேரமாச்சு, விளக்கு வைக்கணும் என்று எழுந்து போனார்.

ஜூன் 3, செவ்வாய்

மீன் குழம்பு கொடுத்தனுப்பினேன். கிண்ணம் திரும்பி வந்துவிட்டது. கழுவித் துடைத்து, மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

அழகுராஜா போன் செய்தான். அக்காவின் மகன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடுகிறாராம், ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றான் மூன்று தரம்.

பாப்பா சீப்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் சீப்போடு திரும்பி வந்தாள். பாட்டி தூங்குறாங்க போல, கதவு சாத்தியிருக்கு என்றாள். காலை எட்டு மணிக்கு. என்னைய என்ன வேணா செய், என் மக என்ன செஞ்சா? எட்டு வயசு. அவளுக்கு என்னத்தைச் சொல்லி விளங்க வைக்க?

நானே பின்னி விட்டேன். கோணல்.

ஜூன் 9, திங்கள்

'நான் அப்பவே சொன்னேனே' என்று மாறன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மூச்சு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி

கீழே போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. தனக்கு வித்தியாசம் ஒன்றும் கிடையாது, சொந்தபந்தம் வந்து போகிற வீடு, நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்றார். எல்லாம் எனக்கு மனப்பாடம். பிறகு ஒன்று சொன்னார், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ எங்கிட்ட பொய் சொல்லிட்டீல்ல. அதுதாம்மா எனக்கு ஆறல."

அது நியாயம்தான். எனக்கும் ஆறவில்லை.

"உண்மையச் சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களாக்கா?"

யோசித்தார். உடனே ஒரு பதிலைச் சொல்லித் தப்பிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். கையில் கீரைத்தண்டு அப்படியே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக அவரை இப்போதும் மதிக்கிறேன். பிறகு அந்தத் தண்டை ஆயத் தொடங்கினார். மேலே வந்துவிட்டேன்.

அம்மா மாடி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ?" என்றாள். அழுதுவிட்டேன். இந்த வீட்டில் உண்மை பேசியது நீ ஒருத்திதான் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

அங்கே மட்டும் என்ன வாழுதாம் என்று எழுதிப் பார்க்கிறேன், நியாயமாக இருக்க வேண்டும்.

கார்க்கிலும் வீடு கிடைக்காது. ஒரு வீட்டைப் பார்க்க நாற்பது பேர் மழையில் வரிசையில் நிற்போம். ஆனால் அங்கே யாருக்கும்தான் கிடைக்காது. ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் பையன்கள் முட்டை எறிந்தார்கள். ஒரு குடிகாரன் உன் ஊருக்குப் போ என்று கத்தினான். தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடினால் அங்கேயும் பூர்வீகம் கேட்பார்கள், அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். சொர்க்கம் எல்லாம் இல்லை.

ஆனால் முட்டை எறிந்தவனுக்கு என்னைத் தெரியாது. அக்காவுக்கு என்னைத் தெரியும், என் குழம்பு தெரியும், என் மகள் தலையில் எத்தனை சுழி என்று தெரியும். அதற்குப் பிறகும்தான். இதை என்னால் இன்னொரு தெருவில் இன்னொரு தரம் தாங்க முடியாது. பாப்பாவைத் தாங்க வைக்க மனசு வரவில்லை.

போகலாமா என்று நான்தான் மாறனிடம் கேட்டேன். அத்தை? என்றார் அவர்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா எங்களோடு வர மாட்டாளாம். அவளுக்கு அங்கே குளிரும், மொழியும் வராது, பேச்சிக்கு விளக்குப் போட ஆள் இல்லை. "நீ போத்தா. புள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றாள். எனக்கு ஒன்று என்றால் பார்க்க முடியாதே என்று நினைக்காதே, உயிரோடு இருக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போ என்றும் சொன்னாள். வார்டு மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டேன்.

ஜூலை 5, சனி

வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட்டோம். சாவியை அழகுராஜாவிடம் கொடுத்தோம்.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள் டூட்டி. ஏன் போகிறாய் என்று உடன் வேலை பார்க்கும் செல்லக்கிளி கேட்டாள். சம்பளம் என்றேன். ஆமாமா, இங்கே என்ன தருகிறார்கள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தரும் மறு கேள்வி கேட்கவில்லை. இப்படிப் போன எத்தனை பேர் இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்?

ஆகஸ்ட் 23, சனி

கிளம்புகிறோம். பெட்டிகளை மெயின் ரோட்டு ஓரம் வைத்துக் காருக்காக நின்றோம். அம்மா வேண்டாமென்றாலும் கேட்காமல் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

பைக்கில் வந்த விருமாண்டி நிறுத்தினார். அம்மாவும் அப்பாவும் முப்பது வருடம் வேலை பார்த்தது அவர் வயலில்தான். நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"என்ன ராமக்கா, மக மறுபடியும் காசு பார்க்கக் கெளம்பியாச்சா? இங்க இருக்கது பத்தலையாமா?"

நான் சிரித்துத் தலையாட்டத் தயாராகிவிட்டேன். அவர் எது கேட்டாலும் ஆமாய்யா என்பதுதான் அம்மாவின் பதில், சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"இல்லய்யா" என்றாள் அம்மா. "மதுரைல வீடு தரமாட்டேன்னுட்டாக. நாங்க யாருன்னு தெரிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிட்டாக. அதான் அம்புட்டுத் தூரம் போறா."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. விருமாண்டி பைக்கின் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். பிறகு கார் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

எட்டரைக்கு என்று அம்மா அதற்கும் பதில் சொன்னாள்.