தொட்டியும் தெல்மா ரூத்தும்

ஜூன் 24, செவ்வாய்

நல்ல வரத்து. தொட்டியில் மூவாயிரம் பவுண்டு சிங்கி இறால். ஜூலை நாலு, சுதந்திர தின விருந்துக்கு பாஸ்டன் ஓட்டல்கள் கேட்டது முழுக்க. தொட்டியின் குளிர்கருவியை இணையத்தில் இணைத்த பிறகு, தண்ணீரின் குளிரைப் போனிலேயே பார்க்கிறேன். என் கடையாள் எல்வுட் மட்டும் இன்னும் கையை விட்டுப் பார்க்கிறான். கேட்டால், போனுக்குக் குளிர் தெரியுமா என்கிறான்.

ஜூன் 28, சனி

காலையில் கடவுச்சொல் தவறு என்றது போன். தடித்த விரல், நான்தான் தப்பாக அடித்தேன் என்று விட்டுவிட்டுக் காபி குடித்தேன். என்ன புத்தி இது?

எல்வுட் கூப்பிட்டான். "மெரில், வரும்போது உப்பும் மிளகும் எடுத்துட்டு வா. தொட்டியில சூப்பு தயாராயிட்டிருக்கு."

ஓடினேன். கடைக் கணினியில் ஒரு கடிதம்: குளிர்கருவியை முடக்கிவிட்டார்களாம்; பணம் அனுப்பினால் திருப்பித் தருவார்களாம். என் கருவியை எனக்கே! இணையக் கம்பியைப் பிடுங்கினேன். எல்வுட் கருவியைக் கையால் ஓடவிட்டான். மதியம் வரை ஐஸைப் பையோடு இறக்கினோம் — ஐஸ் உருகி, கடல் தண்ணீரில் நல்ல தண்ணீர் கலந்தால் அதுவே கொன்றுவிடும். செத்தது நாற்பது. மற்றதெல்லாம் வாலை அடிக்கிறது.

பைசா அனுப்பவில்லை.

ஜூன் 30, திங்கள்

கணினி பார்க்கும் ஜோஸி வந்தாள். கடவுச்சொல் என்ன என்றாள். சொல்லக் கூச்சம். ஜன்னல் வழியாக, துறையில் கட்டியிருந்த என் படகின் பின்பக்கத்தைக் காட்டினேன். 'தெல்மா ரூத்'. மனைவி பேர், அடி உயர எழுத்து, வருடா வருடம் புதுப் பெயின்ட். அந்தப் படகின் படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டதும் நான்தான்.

"பூட்டு போட்டுட்டு சாவியக் கதவுலயே வரைஞ்சு வெச்சிருக்கீங்க, சார்."

திருடன் உட்கார்ந்து யோசிப்பதுகூட இல்லையாம்; இப்படிப்பட்ட பேர்களை ஒரு கணினி நிரலே வரிசையாகப் போட்டுப் பார்க்குமாம். கணினியும் குளிர்கருவியும் ஒரே இணைப்பில் இருந்ததால் ஒன்றில் நுழைந்தவன் இரண்டிலும் நுழைந்துவிட்டான். பிரித்துவிட்டாள். கடவுச்சொல்லும் புதிது, நீளமானது. அதற்கு மேல் போனுக்கு ஒரு எண் வந்தால்தான் திறக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

தெல்மாவிடம் சொன்னேன். "புதுசுல என் பேரு இல்லையா?" இல்லை என்றேன். "நல்லது. ஊரே என் பேரச் சொல்லி உள்ள வந்தது போதும்."

ஜூலை 3, வியாழன்

லாரி பாஸ்டனுக்குப் போய்விட்டது. போவதற்கு முன் நானும் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தேன். எல்வுட் பார்த்துவிட்டு, கை துடைக்கத் தன் துண்டை நீட்டினான்; அதுவே பெரிய மரியாதை.

இறால் கூண்டுக்கு இரை வாங்க மூன்று படகுக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். மூவரும் அடுத்தவன் நகரும்வரை எதையோ தடவிக்கொண்டு நின்றார்கள். பிறகு தனித்தனியாக, மெதுவாக, ஜோஸியின் போன் எண்ணைக் கேட்டார்கள்.

எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, துறையில் நின்ற அவர்கள் படகுகளின் பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்: எல்லாம் மனைவி பேர், மகள் பேர்.