இரண்டு கைகளில் ஒரே தப்பு

சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள குண்டூசிக்கு,

நீயும் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? பேத்தி இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள், எடை கூடினால்தான் கையில் தருவார்களாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அவர் இன்று மாலை பஸ்ஸில் அங்கே வருகிறார் அல்லவா, இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ என்னை முழுதாகப் பேச விடமாட்டாய். சரி விடுடி, நான் பார்த்துக்கிறேன் என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

சீன எழுத்துப் பரீட்சையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். போன வாரம் வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நீ சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போன உன் வகுப்பு டேப்லெட்டைத் திறந்து, உன் பெயரில் அறுபது எழுத்தையும் நானே எழுதினேன். வருகிற சரக்கெல்லாம் சீனத்தில் எழுதி வருகிறது, பரீட்சையில் தேறாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் நம் குடோனில் வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

எழுத்தின் உருவத்தை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எந்தக் கோடு முதலில் போனது, எது பின்னால் போனது என்று டேப்லெட்டில் எழுதுகிற அந்தப் பேனா ஒன்று விடாமல் பிடித்து வைக்கிறதாம். இன்று காலை வகுப்பில் டீச்சர் விளக்கை அணைத்துவிட்டு, பெயர் சொல்லாமல், இரண்டு பேர் எழுதியதைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஓட விட்டார். ‘நாடு’ என்று அர்த்தம் வருகிற எழுத்து. இது எழுத்தா ஜன்னல் கம்பியா என்று முதல் நாள் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாயே, அதுதான். மூன்று பக்கம் சுவர் வை, உள்ளே ஆட்களை விடு, கடைசியில் கதவைச் சாத்து என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நீ முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாய். சுழித்துச் சுழித்து எழுதிப் பழகிய என் கைதான் கேட்கவில்லை. முழுப் பெட்டியையும் ஒரே இழுப்பில் மூடிவிட்டுத்தான் உள்ளே போகும். சுவரில் உன் பெயரிலும் என் பெயரிலும் ஓடிய இரண்டு பேனாக்களும் அதையே செய்தன. அடுத்த எழுத்திலும். அதற்கடுத்ததிலும். ஒருவரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் வெளியூரில் இருக்கிறார். திங்கட்கிழமை காலை திரும்பி வந்து, பத்து மணிக்கு உனக்குப் போன் செய்வாராம். கூட்டுச் சேர்ந்து செய்ததென்றால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவேன் என்று டீச்சரிடம் போனில் சொல்லியிருக்கிறார். நான் ஒன்பது மணிக்கே அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுவேன். எனக்கு அவரிடம்கூடப் பயமில்லை, உன்னிடம்தான் பயம். நான் பெட்டிகளில் லேபிளை மாற்றி ஒட்டிய அன்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நான்தான் ஒட்டினேன் என்று எழுந்து நின்றவள் நீ. இப்போதும், நான்தான் அவளை எழுதச் சொன்னேன் என்பாய்.

நீ சொல்லவில்லை. உனக்காகத்தான் செய்தேன் என்று ஒரு வாரமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் முழு உண்மையில்லை. நீ இல்லாத இந்த மூன்று வாரமே போதும் போதும் என்றாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பேச ஆளில்லை. இனி எப்போதுமே இப்படித்தான் என்றால் என்ன செய்வேன் என்ற பயத்தில்தான் பேனாவை எடுத்தேன். வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் குழந்தை விஷயத்தைச் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரு மாதம் தள்ளிக் கொடுத்திருப்பேனே என்றார். எழுதியது நான்தான் என்பதை மட்டும் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

மேனேஜர் கேட்டால், பரீட்சை நடந்ததே எனக்குத் தெரியாது, நான் எழுதவில்லை என்று மட்டும் சொல். சத்தியமாக அதுதானே உண்மை? என் பாடு என் பாடு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

பேத்தி எடை கூடி, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். அவளை முதன்முதலாகக் கையில் வாங்கும்போது உன் மனதில் வேறு எந்தக் கவலையும் இருக்கக் கூடாது. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளடி.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்
தோழி