தனிக் கம்பியா, தெருக் கம்பியா

எல்க் ரிட்ஜ், அயோவா
நவம்பர் 2003

அன்புள்ள மகன் நெல்ஸுக்கு,

இங்கே நான் நலம். அங்கே உன் நலமறிய ஆர்வல். எழுத்துப் பிழை என்று சிவப்பு மை எடுக்காதே வாத்தியாரே, அது ஆவல் இல்லை, ஆர்வல்தான், என் பெயரேதான், உன் அப்பாவே நேரில் வந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. கொரியாவில் இன்னும் இரண்டு வருடம் பாடம் சொல்லிக்கொடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று கடைசிப் பக்கத்தில், அதுவும் அடியில், குட்டி எழுத்தில் எழுதியிருந்தாய். மாத்திரையைப் பாலாடைக்கட்டியில் ஒளித்து நாய்க்குக் கொடுப்பது போல. நாய் விழுங்கிவிட்டது, கவலைப்படாதே. நெல்ஸ் என்று பெயர் வைத்தால் நெல் விளைகிற நாட்டைத் தேடிக்கொண்டு போவாய் என்று முன்பே தெரிந்திருந்தால் உனக்குச் சோளம் என்று வைத்திருப்பேன், இந்த ஊரைத் தாண்டியிருக்க மாட்டாய்.

இங்கே சோள அறுவடை முடிந்துவிட்டது. முதல் பனி விழுந்து, கரைந்து, மறுபடி விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. தேவாலயத்தில் லூட்ஃபிஸ்க் விருந்து நடந்தது, அந்த மீன் வழக்கம்போலச் சோப்புக் குழைவாக வழுக்கியது, வழக்கம்போல எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கினோம். பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டதிலிருந்து காலையில் யாரையும் கத்தி உட்காரவைக்க வேண்டியதில்லை, தொண்டை நன்றாக இருக்கிறது, அதற்குத்தான் வேலை இல்லை. ஒரு செய்தி சொல்கிறேன், சிரி. ஏப்ரல் முதல் தேதி கை பழக்கத்தில் சர்க்கரை ஜாடியில் உப்பை நிரப்பி வைத்தேன். உன் அம்மா இருந்திருந்தால் முதல் வாயிலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு துரத்தியிருப்பாள். என் இங்கா இங்கே இல்லை என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை நானே அந்த உப்புக் காபியைக் குடித்தேன். மாட்ட வேறு ஆள் இல்லாத வீட்டில் குறும்புக்காரனே மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, உனக்கு அது திங்கள் காலை, நாம் இருவரும் கணினியில் முகம் பார்த்துப் பேசலாம், அதற்கு வேகமான இணையம் வாங்கு, டிவி கேபிளா, தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல்லா என்று விசாரித்து மாதக் கடைசியில் வரும் நன்றி நாளுக்குள் முடிவு செய் என்றாய். இணை போனவனுக்கு இணையம். சரி. இரண்டு வருடத்துக்கு உன் முகம் என்று எனக்குக் கிடைக்கப்போவது அது ஒன்றுதான் என்பதால் ஒழுங்காகவே விசாரித்தேன். நீ டிஎஸ்எல் பக்கம் சாய்கிறாய் என்பதும் தெரியும். மாலை நேரத்தில் கேபிள் தூங்கிவழியும், முகம் நடுவில் அப்படியே நின்றுபோகும், தனி லைனாக இருந்தால் தடையில்லாமல் பேசலாம் என்று எழுதியிருந்தாய்.

முதலில் டிஎஸ்எல்லுக்காகத் தொலைபேசிக் கம்பெனியைக் கூப்பிட்டேன். சின்னப் பெண், இனிமையான குரல். என் எண்ணை வாங்கி ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க வீடு எங்க எக்ஸ்சேஞ்சுல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கு, ஊரோட கடைசி. வேகம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். ஆனா வர்றது அத்தனையும் உங்களுக்கே உங்களுக்கு, உங்க லைன்ல வேற யாருமே இருக்க மாட்டாங்க" என்றாள். யாருமேவா என்றேன். "ஒருத்தர்கூட இல்ல சார்" என்றாள், பரிசு விழுந்த செய்தியைச் சொல்வது போல. "அது என்கிட்ட ஏற்கெனவே இருக்கேம்மா, அதுக்கு மாசாமாசம் காசு வேற கட்டணுமா?" என்றேன். அந்தப் பக்கம் மறுபடி ஏதோ தட்டும் சத்தம். பிறகு மோடம் இலவசம் என்றாள். நவம்பர் மாதம் முழுக்க மேகம் மூடி வானத்தில் மோடம்தான் அம்மா, வீட்டுக்குள்ளும் ஒன்றா என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் சார் என்று மரியாதையாக வைத்துவிட்டாள், பாவம்.

அடுத்தது கேபிள்காரன், டேரின் என்று பெயர். வியாழக்கிழமை வந்து கம்பி நீட்டுவது பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னவன் வியாழக்கிழமை கம்பி நீட்டிவிட்டான். சனிக்கிழமைதான் வந்தான், பூட்ஸைக் கழற்றாமல், இரண்டு பிரவுனி தின்றான். "வேகம்னா வேகம், அப்படி ஒரு வேகம். ஒரே ஒரு விஷயம், இந்தக் கம்பி தெருவுக்கே பொது. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து உக்காந்துட்டா கொஞ்சம் மந்தமாகும்" என்று அவன் சொன்னதும் எனக்குக் காது நிமிர்ந்தது. பொதுக் கம்பியா, அது எனக்குத் தெரியாத சங்கதியா? "அப்போ எங்க வீட்டு மணி என்ன?" என்று கேட்டேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலாகப் போகுது" என்றான்.

நீயும் அவன் வயதுக்காரன்தானே, உனக்கும் புரியாது. நாங்கள் டவுனுக்குக் குடிவருவதற்கு முன் பண்ணைச் சாலையில் ஆறு வீட்டுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் ஆறு வீட்டிலும் மணி அடிக்கும். எங்கள் மணி மூன்று நீளம், ஒரு குட்டை. லுண்ட் வீட்டுக்கு இரண்டு குட்டை. அடுத்த வீட்டு மணிக்கு எடுக்கக் கூடாது என்பது சட்டம், எல்லாரும் எடுப்போம் என்பது பழக்கம். பெர்த்தா லுண்ட் கேட்டுக்கொண்டிருந்தால் அவள் சமையலறைக் கடிகாரச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று நீளம், ஒரு குட்டை அடித்தது. நர்ஸ் பையன் என்றாள். எனக்கு, இந்த வாயாடிக்கு, ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மௌனத்தில் பெர்த்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடேய் ஆர்வல், வாயைத் திறந்து ஏதாவது சொல்லுடா, அந்த நர்ஸுப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கில்ல" என்றாள். பின்னாலேயே நாலைந்து குரல்கள் சேர்ந்து சிரித்தன. உன்னைத் தூக்குவதற்கு முன்னாலேயே அந்தச் சாலை முழுக்க உன்னைக் கொண்டாடிவிட்டது. உன் அம்மா போன செய்தியும் அதே ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்தது. தனிக் கம்பியில் வந்தது. டாக்டர் சொல்லிவிட்டு வைத்த பிறகும் நான் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. ங் என்ற சத்தம் மட்டும்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் தலைக்குத் தொப்பி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். புதிதாகக் கம்பியில் சேருகிறவன் மற்ற வீடுகளுக்குச் சொல்லிக்கொள்வதுதானே முறை. பக்கத்து வீட்டுப் பெண் கெய்லா கதவைத் திறந்தாள், உன் அம்மாவின் இறுதிச் சடங்குக்குப் பிறகு அவள் வாசலை நான் மிதித்ததே இல்லை. உங்கள் கம்பியில் நானும் வரப்போகிறேன், ஞாயிறு ஏழு மணிக்கு மகனோடு பேசுவேன், உங்களுக்கு அவசரப் பேச்சு இருந்தால் தொண்டையைக் கனையுங்கள், விலகிக்கொள்கிறேன் என்றேன். அவள் கண்ணை அகல விரித்து, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மிஸ்டர் ஹெக்லண்ட், இது அந்த மாதிரி இல்லீங்க. வேகத்தைத்தான் பங்கு போட்டுக்கறோம். நீங்க பேசறது எங்களுக்குக் கேக்கவே கேக்காது, பயப்படாதீங்க" என்றாள். "கேக்காதா? கொஞ்சம்கூடவா?" என்றேன். பயப்படாதே என்று அவள் சொன்னதில் எனக்கு எவ்வளவு ஏமாற்றம் என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வாங்க, காபி இருக்கு என்றாள். உப்பில்லாத காபி.

எதிர்வீட்டு வெண்டல் க்வாமுக்கு மட்டும் நான் சொன்னது முழுசாகப் புரிந்தது. அவனும் பண்ணைச் சாலைக்காரன், வீட்டு மணி ஒரு நீளம், ஒரு குட்டை. விழுந்து விழுந்து சிரித்தான். "ஒட்டுக்கேக்கவே பொறந்தவன்டா நீ! கேளு, சாயங்காலம் நான் மீன்பிடிக்கிற படமாப் பாத்துக்கிட்டிருப்பேன். உன் பையன் மூஞ்சி நடுவுல நின்னுபோச்சுன்னா அது நான்தான். வந்து கதவைத் தட்டித் திட்டிட்டுப் போ" என்றான். இணைய வலையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவன் உலகத்தில் இவன் ஒருவன்தான் இருப்பான். தட்டலாமா, நிஜமாகவா என்று கேட்டேன். "தட்டாம இருந்தாத்தான் கோவம் வரும், ரெண்டு வருஷமா அந்த வீட்டுல விளக்கு எரியறத மட்டும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான். அப்படிச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், நானும் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

மகனே, நான் கேபிளே வாங்கிவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய். தனிக் கம்பியில் உன் முகம் தடையில்லாமல் வரும் என்று நீ சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் உன் முகம் வாரத்துக்கு ஒருமுறை, மிச்ச ஆறு மாலைகளும் அதே கம்பியோடு நான்தானே உட்கார்ந்திருக்க வேண்டும். மெதுவாக ஓடினால் கெய்லா வேலையிலிருந்து வந்துவிட்டாள், வெண்டல் மீன் பிடிக்கிறான், எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரியும். யார் குரலும் கேட்காது, தெரிந்துகொண்டேன், பரவாயில்லை. கடிகாரச் சத்தம் போதும். கெய்லா இன்று வந்து கேமராவை இணைத்துக் காட்டிவிட்டுப் போனாள். அதில் என் முகத்தைப் பார்த்தேன், உனக்கு முன்கூட்டியே என் அனுதாபங்கள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொள், அந்த ஊர்க் காரக் கோஸ் ஊறுகாயை அளவாகத் தின்னு, வீட்டுக்கார அம்மாவிடம் மரியாதையாக இரு. என்றும் கடவுள் உன்னைக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு ஒரு காபி கிடைக்கட்டும். ஒரு நினைவூட்டல்: நன்றி நாள் கழிந்து வரும் ஞாயிறு, நம் முதல் பேச்சில், என் முகம் திடீரென்று அசையாமல் நின்றுபோனால் உடனே துண்டித்துவிடாதே. அது கேபிளாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். நாலு நாளாகக் கண்ணாடி முன் மூச்சை அடக்கி, கண் சிமிட்டாமல் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன், நன்றாகவே வருகிறது. அப்பா, கேக்குதா, அப்பா, அங்க இருக்கீங்களா என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய். நானும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

என்றும் உன் அப்பா,
ஆர்வல் ஹெக்லண்ட்
(மூன்று நீளம், ஒரு குட்டை)